கோல் கோணிய காலங்கள்

கோல் என்னும் ஒரு சிறு சொல் நம் மொழியில் மூன்று பெரிய காரியங்களைச் சுமந்து நிற்கிறது. அரசன் கையில் இருப்பது செங்கோல். அது கோணினால் கொடுங்கோல். வயலை அளப்பதும் கோல். கடையில் பண்டத்தை நிறுப்பது துலாக்கோல். ஆட்சிக்கும் அளவுக்கும் நிறைக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் ஒப்புவதில்லை. பழைய கோயில்கள் சிலவற்றின் சுவரை உற்றுப் பார்க்கிறவர்கள், எழுத்துகளுக்கு நடுவே இரு முனையிலும் குறி வெட்டிய ஒரு நீண்ட கோட்டைக் காண்பார்கள். அது அந்தப் பகுதியின் நிலத்தை அளந்த கோலின் நீளம். தெய்வ சந்நிதியில், எல்லோரும் வந்து போகும் இடத்தில், யாரும் கூட்டவோ குறைக்கவோ முடியாதபடி அதைக் கல்லில் பொறித்து வைத்ததற்குக் காரணம் உண்டு. வரி என்பது நிலத்தின் பரப்புக்கு. பரப்பு என்பது கோலின் கணக்கு. 16 சாண் கோலை எவனோ ஒருவன் ஒரு சாண் நறுக்கி 15 சாண் ஆக்கிவிட்டால், வரி விகிதத்தில் ஒரு மணி நெல்லும் ஏற்றாமலேயே, நூறு குழி நிலம் ஏறக்குறைய நூற்றுப்பதினான்கு குழியாகிவிடும். வயல் வளரவில்லை, விளைச்சல் வளரவில்லை, கடமை மட்டும் வளர்ந்துவிட்டது. இந்த வித்தை உழுகிறவனுக்குத் தெரியாது என்று நினைத்த அதிகாரிகள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள்; அவனுக்கு அது நன்றாகவே தெரியும் என்பதற்கு அந்தச் சுவர்க்கோடுகளே சாட்சி.

வரி கொடுப்பதைப் பற்றி நம் முன்னோர் சொல்லியிருப்பவற்றை ஊன்றிப் பார்த்தால், வரியே கூடாது என்ற வாதத்தை எங்கும் காண்பது அரிது. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன புறநானூற்று உபதேசம் பலருக்கும் நினைவிருக்கும்: சிறு நிலத்து நெல்லையும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாளைக்கு ஆகும், யானையே வயலில் இறங்கிவிட்டால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகமாகும். யானைக்கு உணவு வேண்டும் என்பதைப் புலவர் மறுக்கவில்லை. கவளம் யார் கையால், எந்த அளவில் என்பதே அவர் கேள்வி.

சோழர் காலத்தில் அந்தக் கவளத்தை அளந்து உருட்டும் கலை வியக்கத்தக்க நுட்பத்தை அடைந்தது. முதலாம் ராஜராஜன் காலத்து நில அளவைக் கணக்குகளில், ஒரு வேலியை 5,242 கோடியே 88 லட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்குவரை இறங்கிக் கணித்திருக்கிறார்கள். அவனுடைய 24ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1009ஆம் ஆண்டை ஒட்டி, பிறந்த ஓர் ஆணை உக்கல் கோயிலில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிராமணர் ஊர்களிலும் வைகானசர் ஊர்களிலும் சமணர் ஊர்களிலும் இரண்டு முழு ஆண்டுகள் வரி செலுத்தாதவர்களின் நிலத்தை ஊரார் விற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இதைக் கடுமை என்று சிலர் சொல்லக்கூடும். நான் அதில் வேறொன்றையும் காண்கிறேன்: அந்தஸ்தில் உயர்ந்த ஊர்களுக்கும் அதே சட்டம் என்று அரசன் பகிரங்கமாகச் சொன்னதைக் கண்ணால் பார்த்த சாதாரணக் குடியானவன், தான் இறுக்கும் நெல்லைப் பற்றி மனக்கசப்பு ஓரளவு குறைந்தே இருந்திருப்பான். ஆனால் இந்தச் சித்திரத்துக்கு மறுபக்கமும் உண்டு. தேவதானம், பிரமதேயம், பள்ளிச்சந்தம் என்று இறையிலி நிலங்கள் தலைமுறைக்குத் தலைமுறை பெருகின. தறியிறை, செக்கிறை, தட்டார்ப்பாட்டம், கலியாணம் செய்தால் கண்ணாலக்காணம் என்று சிறு தொழில் செய்தவர்கள்மேல் சிறு சிறு வரிகள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டன. சுங்கத்தை நீக்கிய முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்ற பெயர் நிலைத்தது. ஒரு வரியை எடுத்ததற்காக ஓர் அரசனைத் தலைமுறைகள் நினைவில் வைத்திருந்தன என்றால், அந்த வரி எவ்வளவு உறுத்தியிருக்கவேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் காவிரிப் படுகையின் நிலைமை மெல்ல மாறிற்று. ஊராரின் பொதுவில் இருந்த நிலங்கள் தனிப்பட்டவர்களின் காணியாயின. சிலர் கையில் ஊர் ஊராகக் காணி சேர்ந்தது. இந்த மாற்றத்தைக் கல்வெட்டுகளின் வாயிலாகவே பொறுமையுடன் தடம் பிடித்தவர் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா, நம்முடைய எ. சுப்பராயலுவும் அவரும் சேர்ந்து செய்த பணிக்குத் தமிழகம் கடமைப்பட்டிருக்கிறது. சோழ வம்சம் மறைந்து, குமார கம்பணரின் படையெடுப்புக்குப்பின் தமிழ்நாடு விஜயநகரத்தின் ஆணைக்குள் வந்தபோது, நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்தவர்களின் அடுக்கு மட்டும் ஒன்று கூடிற்று. கீழே உழுகிறவனும் நெய்கிறவனும். அவனுக்குமேல் காணியாளர்களான பிராமணரும் வேளாளரும். அவர்களுக்கும்மேல், ஊர்களின் வருவாயைத் தம் ஜீவிதமாகப் பெற்ற ஜீவிதக்காரர்களும், ராஜகரம் தண்டும் அரசாங்க அதிகாரிகளும். மேலிருந்த இரண்டு அடுக்குகளும் கைகோத்துக்கொண்டால் கீழே இருப்பவனுக்கு முறையிட இடம் எது?

1429ஆம் ஆண்டில், இரண்டாம் தேவராயர் அரசாண்ட நாளில், இந்தக் கேள்விக்குக் குடிகளே ஒரு விடையைக் கண்டுபிடித்தார்கள். கொருக்கை, திருவைகாவூர், விருத்தாசலம், பெண்ணாடம் முதலிய ஊர்களின் கோயில்களில் அந்த விடை இன்றும் கல்லாக நிற்கிறது. சாசனம் என்றால் அரசன் பேசுவான், அல்லது சபையார் பேசுவார்கள், அல்லது தானம் கொடுத்த தனவான் பேசுவான். இதுதான் நாம் படித்துப் பழகிய மரபு. இந்தச் சாசனங்களில் பேசுகிறவர்களோ, அக்காலத்து ஜாதிகள் பிரிந்து நின்ற இரு அணிகளான வலங்கைத் தொண்ணூற்றெட்டு ஜாதியாரும் இடங்கைத் தொண்ணூற்றெட்டு ஜாதியாரும். இந்த இரு வகுப்பாரும் ஒரு குரலில் பேசினார்கள் என்பதன் அருமையை உணர, பிற்காலத்துச் சென்னைப்பட்டணத்தில் 1652லும் 1707லும் இவர்கள் தெருவுக்காகவும் விருதுக்காகவும் இரத்தம் சிந்தி மோதிக்கொண்டதை நினைத்துப் பார்க்கவேண்டும். அப்படிப்பட்டவர்களை ஒரே பந்தியில் உட்காரவைத்தது வரிதான்.

கொருக்கைச் சாசனத்தை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சி இன்றும் குறையவில்லை. விளைச்சலுக்குத் தக்கபடி தங்களிடம் வரி வாங்காமல் அநியாயமாக விதித்தார்கள் என்றும், அதனால் ஊரைவிட்டே ஓடிப்போக இருந்தார்கள் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். ஓடிப்போவது குடிகளின் பழைய ஆயுதம். ஆள் இல்லாத வயலுக்கு வரி கிடையாது. ஆனால் அந்தக் கணத்தில் அவர்களுக்கு ஒரு ஞானோதயம் ஏற்படுகிறது: மண்டலத்தார் எல்லோரும் ஒன்றாய்க் கூடாததனாலேயே தமக்கு இந்த அநியாயம் நேர்ந்தது என்று. அதன்பின் அவர்கள் ஓடவில்லை, கூடினார்கள். கூடி எடுத்த முடிவு என்ன? வரியே கொடுப்பதில்லை என்றல்ல. விளைச்சலுக்குத் தக்க நியாயமான கடமையை இறுப்போம், முறையற்று விதிப்பதை இறுக்கமாட்டோம் என்பதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று நிதானிக்கவேண்டும். கலகம் செய்தவர்கள் தாங்கள் கொடுக்கப்போகும் வரியின் விகிதத்தைத் தாங்களே எழுதி வைத்தார்கள். நெல்லுக்கு இவ்வளவு, வாழைக்கு இவ்வளவு, கரும்புக்கு இவ்வளவு, மஞ்சளுக்கும் இஞ்சிக்கும் கத்தரிக்கும் பூசணிக்கும் இவ்வளவு என்று பயிர்வாரியாக, நன்செய் புன்செய் வேறுபாட்டுடன், தொழில்களையும் விட்டுவிடாமல் வகுத்த அட்டவணை அது. வரி கொடாதவன் சோம்பேறி, பேராசைக்காரன், தேசத் துரோகி என்று எளிதாகப் பட்டம் சூட்டுகிறவர்கள் இந்த அட்டவணையை ஒருமுறை படிக்கவேண்டும். வரியிலிருந்து தப்ப நினைக்கிறவன் தன் பாக்கியைக் கல்லில் வெட்டி வைத்துக்கொள்ளமாட்டான். அளவு தெரியவேண்டும், அந்த அளவு எல்லோருக்கும் ஒன்றாய் இருக்கவேண்டும், ஆளைப் பார்த்து அது நீளவும் குறுகவும் கூடாது. அந்தக் குடிகள் கேட்டது இவ்வளவே.

விருத்தாசலத்துச் சாசனம் இன்னும் கடுமையாகப் பேசுகிறது. அதிகாரிகளும் ஜீவிதக்காரர்களும் குடிகளைத் துன்புறுத்துவதாலும், காணியாளர்களும் பிராமணர்களும் ராஜகரத்தைத் தாம் வாங்குவதாலும், வலங்கை இடங்கையார் யாரும் அவர்களுக்குப் புகலிடம் தரக்கூடாது. இந்த நாட்டில் பிறந்தவன் எவனும் அவர்களுக்குக் கணக்கு எழுதக்கூடாது. அவர்கள் சொல்வதற்கு இணங்கக்கூடாது. மீறினவன் நாட்டுக்குத் துரோகி, அவனைக் குத்திவிடவேண்டும் என்கிறது அது. கடைசி விதியின் கொடூரத்தை நான் நியாயப்படுத்த வரவில்லை. பயத்தினால் கட்டப்பட்ட ஒற்றுமை எதிலும் அந்தக் கறை இருக்கும். ஆனால் கணக்கு எழுதாதே என்ற விதியில் உள்ள கூர்மையைக் கவனிக்காமல் போகமுடியாது. படை வீரனும் குதிரையும் இருந்தாலும், எந்த வயல் யாருடையது, எத்தனை குழி, போன பூவில் என்ன விளைந்தது என்று ஓலையில் எழுதித் தர உள்ளூரில் ஒருவன் இல்லாவிட்டால், ராஜகரம் தண்ட வந்தவன் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவன்தான். அரசாங்கம் வாளால் நடப்பதுபோலத் தோன்றினாலும் எழுத்தாணியால் நடக்கிறது என்பதை அந்தக் குடிகள் கண்டுகொண்டிருந்தார்கள். பின்வந்த விஜயநகர ஆணைகளில், ஓடிப்போன குடிகள் திரும்பி வரும்பொருட்டு இன்னின்ன வரிகளைத் தள்ளினோம் என்ற வாசகத்தை அடிக்கடி சந்திக்கிறோம்.

நாயக்கர், மராட்டியர், நவாபு என்று ஆட்சிகள் மாறிய கதையை இங்கே விரிக்கவேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கும்பினியாருடைய காலத்துக்கு வந்துவிடலாம். தாமஸ் மன்றோவின் ரயத்துவாரி முறை ஏட்டளவில் நேர்மையானது: இடைத்தரகன் இல்லை, ரயத்தின் கையில் பட்டா, பட்டாவில் தீர்வை. தீர்வையை நூற்றுக்கு இருபத்தைந்து குறைக்கவேண்டும் என்று 1807லேயே மன்றோ எழுதினார். அப்போது மேலிடத்தார் அதை ஏற்கவில்லை. தீர்வை தாங்கமுடியாத உயரத்தில் நின்றது. 1816ஆம் ஆண்டுச் சட்டமோ, வரி வசூலிக்கும் தாசில்தார் கையிலேயே போலீஸ் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டது. பாக்கிதாரனும் குற்றவாளியும் ஒரே ஆள் கையில் சிக்கினார்கள். கிட்டி என்னும் மரக்கருவியில் விரல்களை வைத்து நெரிப்பதும், தலையைக் கால் கட்டைவிரலோடு சேர்த்துக் கட்டி முதுகில் கல்லேற்றி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாளும் ஊர்ச் சாவடிகளில் அன்றாடக் காட்சிகளாயின.

இதற்கிடையில் மோதர்ப்பா என்று ஒரு வரி. தறி வைத்திருந்தவனும், உலை ஊதியவனும், சிறு கடை போட்டவனும் கட்டவேண்டியது. ஜில்லாவுக்கு ஜில்லா அதன் அளவு வேறு. அதே காலத்தில் ஆயிரக்கணக்கில் சம்பளம் வாங்கிய உத்தியோகஸ்தருக்கும், கப்பல் கப்பலாகச் சரக்கு அனுப்பிய ஏற்றுமதி வியாபாரிக்கும் வருமானத்தின்மேல் வரி என்ற பேச்சே கிடையாது. கஜுலு லட்சுமிநரசு செட்டியார் தலைமையில் சென்னை மகாஜன சங்கத்துக்கு முன்னோடியாகத் தோன்றிய சென்னைச் சுதேசி சங்கம் 1852இல் பார்லிமெண்டுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் நிலத்தீர்வையின் சுமையையும் இந்த மோதர்ப்பாவையும் எடுத்துரைத்தது. அடுத்த ஆண்டு இங்கே வந்த பார்லிமெண்டு உறுப்பினர் டான்பி சீமர், செட்டியாருடன் ஊர்களுக்குப் போய்க் குடியானவர்களின் நிலையை நேரில் கண்டார். காமன்ஸ் சபையில் விவாதம் எழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் அடங்கிய கமிஷன் நியமிக்கப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட முறையீடுகள் வந்து குவிந்தன. வரி வசூலில் சித்திரவதை நடப்பது உண்மை என்று 1855இல் அறிக்கை வெளிவந்தது. குற்றத்தை முழுக்க இந்நாட்டுச் சிப்பந்திகள்மேல் சுமத்திவிட்டு, தாங்கமுடியாத தீர்வையை விதித்த மேலிடத்தை அந்த அறிக்கை பெரும்பாலும் தப்பவிட்டது என்பது என் அபிப்பிராயம். ஆயினும் 1859இல் போலீசு தனி இலாகாவாகப் பிரிந்தது அதன் பயன்களுள் ஒன்று.

1860இல் ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைக் கொண்டுவந்தார்: ஆண்டு வருமானம் 200 ரூபாயிலிருந்து 500 வரை நூற்றுக்கு 2, அதற்குமேல் நூற்றுக்கு 4. நிலத்தையும் தறியையும் இத்தனை நூற்றாண்டுகளாகத் துருவிய கண் முதன்முறையாகப் பணப்பெட்டியின் பக்கம் திரும்பியது. உடனே கிளம்பிய கூக்குரலை என்னென்பது! சென்னை கவர்னர் சர் சார்லஸ் டிரெவெல்யனே புதிய வரிகளை எதிர்த்து எழுதிய குறிப்பைப் பத்திரிகைகளில் வெளியிட்டுவிட, லண்டன் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஐந்தே ஆண்டுகளில் அந்த வரி கைவிடப்பட்டது. கிட்டியில் விரல் நெரிந்தவன் எத்தனையோ தலைமுறைகள் காத்திருக்க நேர்ந்தது. நூற்றுக்கு நாலு கொடுக்கவேண்டியிருந்தவன் ஐந்து ஆண்டுக்குமேல் காத்திருக்க நேரவில்லை.

உப்பு வரி மட்டும் போகவில்லை. சென்னை ராஜதானியில் 1805இலிருந்தே உப்பு சர்க்காரின் ஏகபோகம். 1923இல் சட்டசபை மறுத்தும் வைசிராய் தம் தனி அதிகாரத்தால் அந்த வரியை இரட்டிப்பாக்கினார்; மறு ஆண்டு அது பழைய அளவுக்கு இறங்கிற்று. பணக்காரனும் ஏழையும் உண்ணும் உப்பின் அளவு ஏறக்குறைய ஒன்றே. வெயிலில் உழைத்து வியர்ப்பவனுக்குச் சற்று அதிகமாகவே வேண்டும். ஆகவே எல்லோருக்கும் ஒரே வரி என்ற வேஷத்தில் அது ஏழையின் கூலியைத்தான் அதிகம் தின்றது. 1930 மார்ச் 2ஆம் தேதி காந்தியடிகள் வைசிராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கணக்கை எவ்விதக் காழ்ப்பும் இல்லாமல் விரித்தார்: வைசிராயின் சம்பளம் நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல், இந்தியனின் சராசரி வருமானம் நாளொன்றுக்கு இரண்டணாவுக்கும் குறைவு, ஆக ஐயாயிரம் மடங்குக்குமேல் வித்தியாசம். இங்கிலாந்தின் பிரதம மந்திரி அந்நாட்டுச் சராசரி மனிதனைப்போல் தொண்ணூறு மடங்குதான் பெறுகிறார் என்றும் ஒப்பிட்டுக் காட்டினார். உப்பைப் பற்றிய போராட்டத்துக்குச் சம்பளக் கணக்கு எதற்கு என்று அன்று சிலர் நினைத்திருக்கலாம். எனக்கோ அந்தக் கடிதத்தின் உயிரே அந்தக் கணக்கில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. கஜானாவிலிருந்து எடுப்பவனுக்கும் அதில் போடுபவனுக்கும் இடையே ஐயாயிரம் மடங்கு தூரம் விழுந்துவிட்டால், போடுபவன் கண்ணுக்கு அது வரியாகத் தெரியாது.

அந்த ஏப்ரல் 13ஆம் தேதி உப்புச் சட்டத்தை மீறுவதற்காகத் திருச்சியிலிருந்து ராஜாஜி நூறு பேர் அளவிலான தொண்டர்களுடன் வேதாரணியத்துக்கு நடக்கத் தொடங்கினார். சுமார் 150 மைல். பாதை தஞ்சை ஜில்லாவின் வயல்களூடே, அதாவது வலங்கையாரும் இடங்கையாரும் ஐந்நூறு ஆண்டுகளுக்குமுன் கூடி நின்ற அதே காவிரிப் படுகையினூடே. தஞ்சை கலெக்டர் தார்ன், இந்தத் தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அறிவித்தார். 1429இல் குடிகள் அதிகாரிகளுக்குப் புகலிடம் மறுத்தார்கள். 1930இல் அதிகாரி, குடிகள் தங்கள் விருந்தினருக்குப் புகலிடம் தரக்கூடாது என்றார். விருந்தோம்பலை அறமென்று கொண்டாடும் சோழ நாட்டில் அந்த ஆணை எப்படிச் செல்லும்? வழிநெடுக மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. யார் கட்டினார்கள் என்று போலீஸ் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

வேதாரணியத்தில் சர்தார் வேதரத்தினம் பிள்ளை வரவேற்றார். ஏப்ரல் 30ஆம் தேதி அகஸ்தியன்பள்ளி உப்பளத்தில் உப்பை அள்ளிய ராஜாஜி கைதானார். அதன்பின் அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு பிறந்தது. எந்தத் தலைவரும் அதற்கு ஓலை அனுப்பவில்லை, எந்தக் கோயில் சுவரிலும் அது பொறிக்கப்படவில்லை. வந்து இறங்கிய போலீஸ்காரர்களுக்கு ஊரார் ஏவல் செய்ய மறுத்தார்கள். வைரப்பன் என்ற நாவிதரிடம் சீருடை இல்லாமல் ஒருவன் சவரத்துக்கு உட்கார்ந்தான். பாதி முகம் முடிந்த நிலையில் அவன் போலீஸ்காரன் என்று தெரியவர, வைரப்பன் கத்தியை மடக்கிவிட்டார். நீதிபதியின் முன் நிறுத்தி, மிச்சத்தை முடிக்காவிட்டால் தண்டனை என்று மிரட்டியபோது, தம் சவரப்பெட்டியை அப்படியே நீட்டி, வேண்டுமானால் தாங்களே முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சிறைக்குப் போனார் என்பதை அந்த ஊரார் இன்றும் சொல்கிறார்கள். அவருக்கு அங்கே ஒரு நினைவுத்தூண் இருக்கிறது.